எண்ணூர் வானத்தின் கந்தகக் கணக்கு

எண்ணூர், அத்திப்பட்டு, மீஞ்சூர் பக்கம் போகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது அனல்மின் நிலையங்களின் புகைபோக்கிகளைத்தான். புகை கறுப்பாக வந்தால் இன்றைக்குக் காற்று மோசம், வெளுப்பாக இருந்தால் பரவாயில்லை, ஒன்றுமே தெரியாவிட்டால் ஆலை சுத்தமாக ஓடுகிறது. எல்லோரும் இப்படித்தான் கணிக்கிறோம். ஆனால் நிலக்கரி எரியும் இடத்தில் இந்தக் கணிப்பு உதவாது. புகைபோக்கியிலிருந்து வெளியேறுவதில் எடை மிகுந்த மாசு, கரியமில வாயுவைத் தவிர்த்துப் பார்த்தால், நிறமில்லாத ஒரு வாயு: கந்தக டை ஆக்ஸைடு. அது வெளியே வந்த பிறகு, பல மணி நேரம் கழித்து, வேறோர் ஊரின் தலைக்கு மேல்தான் தூசியாக மாறுகிறது.

வடசென்னையில் கணக்குப் போட வேண்டிய ஆலைகளுக்குக் குறைவில்லை. வல்லூரில் 500 மெகாவாட் அலகுகள் 3. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டத்தில் 210 மெகாவாட் அலகுகள் 3, இரண்டாம் கட்டத்தில் 600 மெகாவாட் அலகுகள் 2. மூன்றாம் கட்டமாக 800 மெகாவாட் அலகு 2024 மார்ச்சில் தொடங்கிவைக்கப்பட்டது. 450 மெகாவாட் பழைய எண்ணூர் நிலையம் 2017-ல் மூடப்பட்டுவிட்டது. இவற்றோடு மணலியின் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரம், பெட்ரோ ரசாயனத் தொழிற்சாலைகள், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளித் துறைமுகம். எல்லாமே கொசஸ்தலை ஆற்றையும் எண்ணூர்க் கழிமுகத்தையும் சுற்றிச் சில கிலோமீட்டருக்குள்.

500 மெகாவாட் அலகு ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். இது மாதிரிக் கணக்கு. எந்த ஒரு நிலையத்தின் அளவீடும் அல்ல. முழுத் திறனில் ஒரு நாள் ஓடினால் 1.2 கோடி யூனிட் மின்சாரம். யூனிட்டுக்கு 0.7 கிலோ உள்நாட்டு நிலக்கரி என்றால் நாளுக்கு 8,400 டன். இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம், கந்தகம் குறைவு. சாம்பல் 35 சதவீதம் என்று வைத்தால் 2,940 டன். அதில் ஐந்தில் நான்கு பங்கு, ஏறத்தாழ 2,350 டன், புகையோடு பறக்கிறது. மிச்சம் கொதிகலனின் அடியில் விழுகிறது. கந்தகம் 0.5 சதவீதம் என்றால் 42 டன். எரியும்போது அதே எடை ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு 84 டன் கந்தக டை ஆக்ஸைடாகிறது.

இனி வெளியே வருவது. இந்த அளவு அலகிலிருந்து மணிக்குச் சுமார் 20 லட்சம் கன மீட்டர் புகைவாயு கிளம்பும். 2004-க்கும் 2016-க்கும் இடையில் நிறுவிய அலகுகளுக்குத் துகள் வரம்பு கன மீட்டருக்கு 50 மில்லிகிராம். அதை ஒழுங்காகக் கடைப்பிடித்தால் மணிக்கு 100 கிலோ, நாளுக்கு 2.4 டன் சாம்பல் வெளியேறும். அதாவது 2,350 டன்னில் 99.9 சதவீதம் பிடிபடுகிறது. கந்தகத்தைப் பிடிக்கத் தனிக் கருவி இல்லாவிட்டால் 84 டன்னும் ஏறக்குறைய அப்படியே வெளியே. கண்ணுக்குத் தெரியும் சாம்பலைப் போல 35 மடங்கு.

இதே ஊரில் ஓடும் கண்டெய்னர் லாரியின் டீசலில் 2020 ஏப்ரலிலிருந்து கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. நம் மாதிரிக் கணக்கின் நிலக்கரியில் அதே அளவுகோலில் 5,000 பங்கு. கப்பல் எரிபொருளின் வரம்புகூட 2020 ஜனவரியில் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாக இறங்கியது. 'குறைந்த கந்தக நிலக்கரி' என்ற பேச்சைக் கேட்கும்போது இந்த எண்களைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சாம்பல் எப்படிப் பிடிபடுகிறது

துகளைப் பிடிப்பது ஆலைக்காரர்கள் இஎஸ்பி என்று சொல்லும் நிலைமின் வீழ்படிவி. பெரிய இரும்புக் கூண்டு; உள்ளே வரிசை வரிசையாகத் தகடுகள், இடையிடையே மெல்லிய மின்முனைகள். மின்முனைகளுக்குப் பல பத்தாயிரம் வோல்ட் கொடுத்தால் சுற்றியுள்ள வாயு மின்னூட்டம் பெறும். அது சாம்பல் துகளில் ஏறும், துகள் தகட்டில் போய் ஒட்டும். சுத்தியல்கள் முறைவைத்துத் தகட்டைத் தட்டும்போது படிந்த அடை கீழே ஹாப்பர் என்ற சாம்பல் தொட்டியில் விழும்.

சொல்வதற்கு எளிது; கோளாறு வரும் இடங்கள் பல. ஹாப்பரை நேரத்துக்குக் காலி செய்யாவிட்டால் சாம்பல் மின்முனை வரை ஏறி அந்தப் பகுதி 'ஷார்ட்' ஆகிவிடும். தட்டுவது அதிகமானால் பிடித்த சாம்பல் மறுபடி காற்றோட்டத்தில் கலக்கும். குறைந்தால் அடை தடித்து மின்புலம் பலவீனமாகும். கொதிகலனை எண்ணெய் ஊற்றிப் பற்றவைக்கும் முதல் சில மணி நேரத்தில் எரியாத எண்ணெய் ஆவி தகடுகளில் படிந்து தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதால் இஎஸ்பியை முழுதாக இயக்க மாட்டார்கள். ஊர்க்காரர்கள் படமெடுத்துப் புகார் செய்யும் கரும்புகை பல நேரங்களில் இதுதான்.

வேடிக்கையான ஒரு முரணும் உண்டு. கந்தகம் குறைந்த நிலக்கரியின் சாம்பல் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. தகட்டில் படிந்த அடைக்குள்ளேயே மின்னூட்டம் தேங்கிப் பொறி பறந்து, ஒட்டிய துகளைத் திருப்பித் தள்ளும். அதனால்தான் இந்திய ஆலைகளில் இஎஸ்பி பெரிதாகக் கட்டப்படுகிறது. சில இடங்களில் புகையில் அமோனியாவைச் சிறிதளவு செலுத்தி நிலைமையைச் சரிசெய்கிறார்கள். எல்லாம் நன்றாக ஓடினாலும் இஎஸ்பி திணறுவது 0.1 முதல் 1 மைக்ரான் வரையிலான துகள்களிடம். நுரையீரலின் அடியாழம் வரை இறங்குவதும் அதே அளவுத் துகள்கள்தான்.

வாயு தூசியாகும் விதம்

புகைபோக்கியை விட்ட கந்தக டை ஆக்ஸைடு காற்றில் ஒன்றிரண்டு நாள் இருக்கும். ஒரு பகுதி மண், நீர், இலை மேல் படிந்துவிடும். மீதியை, வெயிலில் உருவாகும் ஹைட்ராக்சில் மூலக்கூறு மெதுவாகத் தாக்கும். மேகமோ பனித்துளியோ கிடைத்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு அதே வேலையைப் பல மடங்கு வேகமாக முடித்துவிடும். முடிவில் கிடைப்பது கந்தக அமிலம். அது தனியாக நிற்காது. மாட்டுத் தொழுவம், யூரியா போட்ட வயல், சாக்கடை, உரத் தொழிற்சாலை என்று எங்கிருந்தோ வந்த அமோனியாவோடு சேர்ந்து அம்மோனியம் சல்ஃபேட் ஆகிறது. ஒரு மைக்ரானுக்கும் சிறிய, திடமான துகள், பிஎம் 2.5 என்று (2.5 மைக்ரானுக்கு மேற்படாத நுண்துகள்) அளவிடப்படுவதன் நடுவில் உட்கார்ந்திருப்பது.

64 கிராம் வாயு மாறினால் 132 கிராம் துகள். நம் 84 டன்னில் பாதிதான் மாறியது என்றாலும் நாளுக்கு ஏறத்தாழ 87 டன் நுண்தூசி. அதே அலகின் புகைபோக்கியில் அளந்த சாம்பல் 2.4 டன். இரண்டாவது எண் அறிக்கையில் இருக்கும். முதல் எண் எந்த ஆலையின் கணக்கிலும் ஏறாது, ஏனென்றால் அது பிறந்தது ஆலை வளாகத்துக்கு வெளியே.

சல்ஃபேட்டுக்கு இன்னொரு குணம்: ஈரப்பதம் ஏறத்தாழ 80 சதவீதத்தைத் தாண்டினால் நீரை உறிஞ்சிக் கரைந்து ஊதிப் பெருகும். சென்னையில் இரவிலும் விடியலிலும் 80 சதவீதம் சாதாரணம். மழைமேகமே இல்லாத காலையில் வானம் பால் கலந்தாற்போல மங்கித் தெரிவதில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. நைட்ரஜன் ஆக்ஸைடுகளிலிருந்து வரும் அம்மோனியம் நைட்ரேட் இப்படி நிலைத்து நிற்பதில்லை. வெப்பம் கூடினால் மறுபடி வாயுவாகிவிடும். டெல்லியின் குளிர்காலத்தில் நைட்ரேட்டுக்கு இருக்கும் இடம், சென்னை வெக்கையில் சல்ஃபேட்டுக்கு.

உயரமான புகைபோக்கி யாருக்கு உதவுகிறது

500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ள அலகுகளுக்கு 275 மீட்டர், 200 முதல் 500 வரை 220 மீட்டர் என்பது பழைய விதி. அதற்குக் கீழே வாயுவின் அளவை வைத்து உயரம் கணக்கிடச் சூத்திரம் உண்டு. உயரே விட்டால் தரைக்கு வருவதற்குள் நீர்த்துப்போகும் என்பது தர்க்கம். ஆலைக்கு அடியில் இருக்கும் ஊருக்கு அது ஓரளவு சரி. ஆனால் வெளியேறும் டன் கணக்கு ஒரு கிராம்கூடக் குறைவதில்லை. மாற்றம் அடைய அதற்கு அதிக நேரமும் அதிகத் தூரமும் கிடைக்கிறது, அவ்வளவுதான். மணிக்கு 10 கிலோமீட்டர் காற்று ஒரு நாளில் 240 கிலோமீட்டர் போகும்.

கடற்கரையில் அந்தத் தர்க்கமும் சில மணி நேரம் உடைகிறது. கோடையில் சென்னையில் காலையில் மேற்கிலிருந்து நிலக்காற்று. புகை கடல் மேல் போய்விடும், கரையில் யாருக்கும் தெரியாது. நண்பகலையொட்டியோ பிற்பகலிலோ கடற்காற்று திரும்பும்போது, காலையில் அனுப்பியதில் ஒரு பகுதி திரும்பி வரும். கடல் மேலிருந்து வரும் காற்று குளிர்ந்தது, அடுக்கு கலையாதது. அதற்குள் புகை கலையாமல் ஒரு நாடா போல நகரும். நிலத்துக்குள் வந்ததும் சூடான தரை கீழிருந்து காற்றைக் கலக்கத் தொடங்குகிறது. இந்தக் கலப்பு அடுக்கு கரையில் சில பத்து மீட்டர்தான். உள்ளே போகப் போக உயரும். சில கிலோமீட்டர் தள்ளி அது புகை நாடாவைத் தொடும் இடத்தில், மொத்தமும் சடசடவென்று தரைக்கு இறங்கிவிடும். கரையோர ஆலைகளுக்கே உரிய இந்த நிகழ்வு ஆலை வாசலில் அல்ல, உள்நாட்டில் நடக்கிறது; எண்ணூரைப் பொறுத்தவரை அது மேற்கே உள்ள ஊர்களின் பக்கம். அளவீட்டுக் கருவியை ஆலைச் சுவரையொட்டி வைத்தால் இது சிக்காது. வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் நிலைமை வேறு: ஆலைகள் நகரத்துக்கு வடக்கு, வடகிழக்கில் இருப்பதால் நாடா நேராக நகரத்தின் பக்கம் திரும்புகிறது. மழை பெய்யும் நாளில் கழுவிவிடும். மழை ஓய்ந்த ஜனவரியில் அந்த உதவி இல்லை.

வாயு குறைவு, எனவே பிரச்சினை இல்லை

2015 டிசம்பர் 7-ல் மத்திய அரசு அனல்மின் நிலையங்களுக்குக் கந்தக டை ஆக்ஸைடு வரம்பு கொண்டுவந்தது. ஏற்கெனவே இருந்த அலகுகளில் 500 மெகாவாட்டுக்குக் கீழ் கன மீட்டருக்கு 600 மில்லிகிராம், 500-ம் அதற்கு மேலும் 200, 2017-க்குப் பிந்தையவற்றுக்கு 100. இரண்டே வருடக் கெடு. கெடு 2022-க்குத் தள்ளிப்போனது. 2021-ல் ஆலைகளை அமைவிடத்தை வைத்து ஏ, பி, சி என்று பிரித்துக் கெடுக்களைத் தனித்தனியாக்கினார்கள். பிறகு மீண்டும் இரண்டு நீட்டிப்புகள். கடைசியில் 2025 ஜூலை 11 அறிவிக்கை சி பிரிவை வரம்பிலிருந்தே விடுவித்தது. பி பிரிவு ஒவ்வொன்றாக ஆராயப்படும். பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களிலிருந்து 10 கிலோமீட்டருக்குள் உள்ள ஏ பிரிவுக்கு மட்டும் 2027 இறுதிவரை கெடு. நாட்டின் அலகுகளில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சி பிரிவு. விலக்குக்கான நிபந்தனை, புகைபோக்கி விதித்த உயரத்தில் இருக்க வேண்டும் என்பது.

விலக்குக்குச் சொன்ன முக்கிய வாதம், நாட்டின் பெரும்பாலான இடங்களில் காற்றில் கந்தக டை ஆக்ஸைடு தேசிய அளவான 80 மைக்ரோகிராமுக்கு வெகு கீழே இருக்கிறது என்பது. தகவல் உண்மை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. வாயுவின் அளவு குறைவாக இருப்பதற்கு ஒரு காரணம் உயரே விடுவது. இன்னொரு காரணம் அது சல்ஃபேட்டாக மாறிவிட்டது. மாறியது பிஎம் 2.5 என்ற தலைப்பின் கீழ் எண்ணப்படுகிறது, அங்கே அதன் பூர்வீகம் எழுதப்படுவதில்லை. கரைந்த உப்பைத் தண்ணீரில் தேடிவிட்டு உப்பே இல்லை என்று சொல்வது போன்ற வாதம் இது.

மறுபக்கத்தையும் எண்களோடு பார்க்கலாம். எஃப்ஜிடி என்ற கந்தக நீக்கக் கருவியில் புகைவாயுவின் மேல் சுண்ணாம்புக்கல் குழம்பைத் தெளிக்கிறார்கள். வாயு அதில் கரைந்து, காற்று ஊதியதும் ஜிப்சமாகிறது. 84 டன்னில் 95 சதவீதத்தை, அதாவது 80 டன்னைப் பிடிக்க, தூய சுண்ணாம்புக்கல் 125 டன் வேண்டும். நடைமுறைத் தரத்தில் 140, 150 ஆகும். கிடைக்கும் ஜிப்சம் 215 டன். வேதிவினையில் கூடுதலாக 55 டன் கரியமில வாயு வெளிவரும். இதைக் காட்டி 'எஃப்ஜிடி பருவநிலைக்குக் கேடு' என்கிறார்கள். அந்த அலகு நிலக்கரியை எரித்து வெளியிடும் கரியமில வாயு நாளுக்கு 11,000 டன்னுக்கு மேல். 55 டன் அதில் அரை சதவீதம். கருவிக்கே செலவாகும் மின்சாரம் உற்பத்தியில் 1 முதல் 1.5 சதவீதம். செலவு, தண்ணீர், கட்டும்போது அலகை நிறுத்தும் நாட்கள், வாங்க ஆளில்லாத ஜிப்சம் ஆகியவை மெய்யான சிக்கல்கள். கடற்கரை ஆலைக்குச் சுண்ணாம்புக்கல்லே இல்லாத வழியும் உண்டு: கடல்நீரின் இயல்பான காரத்தன்மையே வாயுவைக் கரைத்துக்கொள்ளும். மகாராஷ்டிரத்தில் டிராம்பேயிலும் தஹானுவிலும் இந்த முறை இருக்கிறது. ஆனால் அந்த நீரைக் காற்றூதிச் சரிசெய்யாமல் விட்டால், எண்ணூர் போன்ற கழிமுகத்தில் காற்றின் சுமையை மீன்களின் மேல் இறக்கிவைத்த கதையாகிவிடும்.

இலை, ஏரி, பருவமழை

கந்தக டை ஆக்ஸைடு இலைத்துளை வழியாக நுழைந்தால் நரம்புகளுக்கிடையே பச்சையம் வெளுக்கும். மேலே படியும் சாம்பல் துளையை அடைத்து வெளிச்சத்தை மறைக்கும். நைட்ரஜன் ஆக்ஸைடும் எரிபொருள் ஆவியும் வெயிலில் சேர்ந்து உண்டாக்கும் தரைமட்ட ஓசோன் இன்னும் நயவஞ்சகமானது: வாகன நெரிசலுக்கு நடுவில் குறைவாகவும், காற்று போகும் திசையில் உள்ள வயல்வெளியில் அதிகமாகவும் இருக்கும். நெல்லைவிடக் கோதுமைக்கு அதனால் இழப்பு அதிகம்.

அமில மழை இந்தியாவில் ஐரோப்பா அளவுக்குப் பேசப்படாததற்குக் காரணம் நம் புழுதி. தூய மழைநீரின் பிஎச் 5.6, மண் தூசியிலுள்ள கால்சியம் அமிலத்தை ஓரளவு சமன்செய்துவிடுகிறது. புழுதி குறைந்த, மண்ணே அமிலமாக உள்ள மேற்குத் தொடர்ச்சி மலை, வடகிழக்கு மாநிலங்களில் இந்தக் காப்பு இல்லை.

பாதரசத்தில்தான் கந்தகக் கதை சிக்கலாகிறது. நிலக்கரியிலுள்ள பாதரசம் எரிந்து ஆவியாகி வெளியேறும், பிறகு நீர்நிலைகளில் படியும். சேற்றில் ஆக்சிஜன் இல்லாத ஆழத்தில் சல்ஃபேட்டை உண்டு வாழும் பாக்டீரியாக்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. மீனில் சேர்ந்து பெரிய மீனில் பெருகுவது அந்த வடிவம். உப்பங்கழியில் கடல்நீர் கொண்டுவந்த சல்ஃபேட் ஏற்கெனவே ஏராளம், பாக்டீரியாவுக்குப் பஞ்சமில்லை. நன்னீர் ஏரியில் அப்படியில்லை. அங்கே வானிலிருந்து விழும் சல்ஃபேட்டே அவற்றுக்குத் தீனி. ஒரே புகைபோக்கி பாதரசத்தையும் தருகிறது, அதை நஞ்சாக்கும் உணவையும் தருகிறது.

இன்னும் உயரத்தில், இந்தத் துகள்கள் வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த வீரபத்ரன் ராமநாதன் முன்னின்று நடத்திய 1999 இந்தியப் பெருங்கடல் ஆய்வு, வட இந்தியப் பெருங்கடல் மேல் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் தடிமனுக்குப் பழுப்பு மூட்டம் படர்ந்திருப்பதைக் காட்டியது. கடலுக்கு வெயில் குறைந்தால் ஆவியாதல் குறையும், பருவமழையும் பாதிக்கப்படும். சல்ஃபேட் குளிர்விப்பதால் அதைக் குறைத்தால் புவி வெப்பம் கொஞ்சம் கூடித் தெரியும் என்பதும் மெய். ஆனால் சல்ஃபேட் ஒரு வாரத்தில் விழுந்துவிடும், கரியமில வாயு நூற்றாண்டுகள் நிற்கும். முன்னதைக் காட்டிப் பின்னதை நியாயப்படுத்த முடியாது.

மற்ற மூலங்கள் இல்லையென்று அல்ல. போகி விடியலில் டயரும் பாயும் எரிவதால் 2018-ல் சென்னை விமானங்களே தடைபட்டன. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைக்கிடங்கு நாள்கணக்கில் எரிந்தது. லாரிச் சாலைப் புழுதி தினப்படி. செப்பாக்கம் பக்கம் சாம்பல் குளம் வெயிலில் காய்ந்தால் மேல்படலம் காற்றில் கிளம்பும். எப்போதும் நீர் போர்த்தி வைப்பது ஒரு வழி. இவையெல்லாம் கண்ணுக்குத் தெரிவதால் உடனே செய்தியாகின்றன.

செயலியில் பார்க்கும் எண்ணும் இந்தப் பிரிவினையைச் சொல்லாது. இந்தியக் காற்றுத் தரக் குறியீடு எட்டு மாசுகளில் எது மோசமோ அதன் எண்ணை மட்டும் காட்டும். பிஎம் 2.5 கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராம் என்றால் அதில் 100, 'திருப்திகரம்'. அமெரிக்க அளவுகோலைக் காட்டும் செயலியில் அதே காற்று 150-க்கு மேல். உலக சுகாதார நிறுவனத்தின் 24 மணி நேர அளவு 15. ஈரமான காலையில் மலிவு விலை லேசர் கருவி ஊதிய துகளைப் பெரிதாக எண்ணி இன்னும் கூட்டிச் சொல்லும். இவற்றில் எதுவும் அந்த 60-ல் சல்ஃபேட் எவ்வளவு என்று சொல்வதில்லை.

அதைச் சொல்லப் புதிய நிலையங்கள்கூடத் தேவையில்லை. தேசியக் கண்காணிப்புத் திட்டத்தின் கைமுறை நிலையங்களில் ஆண்டுக்கு 104 நாள் மாதிரி எடுக்க வேண்டும். பிஎம் 2.5 மாதிரிக்கருவி நிமிடத்துக்கு 16.7 லிட்டர் வீதம் 24 மணி நேரத்தில் 24 கன மீட்டர் காற்றை டெஃப்லான் வடிதாள் வழியே இழுக்கிறது. 60 மைக்ரோகிராம் நாளில் அதில் 1.4 மில்லிகிராம் தூசி சேரும். எடை போட்ட பிறகு அந்தத் தாளைத் தூய நீரில் ஊறவைத்து, மீயொலித் தொட்டியில் குலுக்கி, அந்த நீரை, கரைந்த அயனிகளைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் அயனி நிறப்பிரிகைக் கருவியில் செலுத்தினால் சல்ஃபேட், நைட்ரேட், அம்மோனியம் மூன்றும் கிடைத்துவிடும். பிஎம் 10-க்குப் பயன்படும் கண்ணாடி இழைத் தாள் இதற்கு ஆகாது. அதன் காரத்தன்மை கந்தக வாயுவைத் தானே பிடித்துச் சல்ஃபேட்டாக்கி எண்ணைக் கெடுக்கும். ஓராண்டுத் தாள்களை அன்றன்றைய காற்றின் திசையோடு வைத்துப் பார்த்தால், வடகிழக்குக் காற்று வீசிய நாட்களில் நகரத்தின் தூசியில் எத்தனை பங்கு சல்ஃபேட், மற்ற நாட்களில் எத்தனை பங்கு என்பது தெரிந்துவிடும்.